விசில் டீச்சர் எழுதிய பதினோராம் விதி

விசில் டீச்சருக்கு நீச்சல் தெரியாது. பெண்கள் கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியை முன்னின்று நடத்துகிறவரே அவர்தான் என்பதால், இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "சும்மா சொல்றீங்க" என்பார்கள். டீச்சர் மறுத்துப் பேசுவதில்லை. கரையோரப் படிக்கட்டில் முழங்கால் நனையும் வரைக்கும்தான் அவருக்கும் தண்ணீருக்கும் உறவு.

கல்லூரிக் காலத்தில் அவர் கூடைப்பந்து ஆடியவர். முட்டி பழுதான பிறகு உடற்பயிற்சி ஆசிரியையாக இந்தக் கல்லூரிக்கு வந்தார். கல்லூரியின் பின்வாசலைத் திறந்தால் பெரிய நீர்த்தேக்கம். அதில் மீன் பிடிக்கிறவர்களையும், கரையில் உட்கார்ந்து கதை பேசுகிற மாணவிகளையும் தவிர வேறு யாருக்கும் ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது. எங்கோ ஒரு கல்லூரி தன் படகுப் பயிற்சியை இழுத்து மூடியபோது, எட்டுச் சின்னப் படகுகளை இந்தக் கல்லூரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. முதல்வர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"விளையாட்டெல்லாம் உங்க பொறுப்புதானே?"

"ஆமா மேடம்."

"படகும் விளையாட்டுதானே?"

அவ்வளவுதான் பேச்சு. எட்டுப் படகும் டீச்சர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

முதல் முறை படகில் ஏறியபோது அவருக்கு வயிற்றைப் புரட்டியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை நீர்த்தேக்கத்தின் காவல் படகை ஓட்டும் மோட்டார்காரர், "டீச்சர், உங்க உடம்பு நிலத்துக்குன்னு செஞ்சது. நீங்க நங்கூரம் போட்ட படகுல உட்கார்ந்து ஊதுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். அன்றிலிருந்து டீச்சரின் இடம் நடுவர் படகு. பந்தயக் கோட்டின் ஒரு முனையில் நங்கூரமிட்டு நிற்கும் அகலமான பழைய படகு அது. அதில் ஒரு பெஞ்சு, சில கொடிகள், ஒரு தொலைநோக்கி. டீச்சரின் கழுத்தில் விசில். அவர் ஊதினால் பந்தயம் தொடங்கும். அவர் ஊதினால்தான் முடியும். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் அவருடைய சொந்தப் பெயர் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தண்ணீரில் இறங்கத் தெரியாவிட்டாலும் விதி எழுத அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியும் தன் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. பணக்காரக் கல்லூரி புதுப் படகோடு வந்து பாய் விரித்துப் பறந்தது. மற்றவர்கள் ஒட்டுப்போட்ட பாயோடு பின்னால் போனார்கள். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் இங்கே இருக்கும் எட்டுப் படகில்தான் ஓட்ட வேண்டும், யாருக்கு எந்தப் படகு என்பது குலுக்கலில் முடிவாகும், ஒவ்வொரு சுற்றுக்கும் படகை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். எட்டில் ஒன்று எத்தனை அடைத்தாலும் ஒழுகும். அதற்கு அழுமூஞ்சி என்று பெயர். நல்லது கெட்டது எல்லாருக்கும் பொதுவாக வரட்டும் என்பதுதான் நியாயம் என்று அவர் நினைத்தார். விசில் ஊதிய பிறகு கரையிலிருந்து யாரும் கத்தி யோசனை சொல்லக் கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் படிக்கட்டைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் ஒருவர் ஆபத்தில் இருப்பதைப் பார்த்தால் பந்தயத்தை விட்டுவிட்டுப் போய் உதவ வேண்டும். அப்படி உதவியவர் இழந்த இடத்தை மூவர் குழு விசாரித்துத் திருப்பிக் கொடுக்கும். இது பத்தாம் விதி.

பதினோராம் விதி பிறந்தது ஒரு சண்டையில். ஒரு வருஷம் இரண்டு படகுகள் மோதிக்கொண்டன. தவறு யார் பக்கம் என்று விசாரித்தபோது, ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் எழுந்து, தான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னார்கள். மோதிய படகு ஒன்றில் இருந்தது அவருடைய கூடப்பிறந்த தங்கை என்பதும், அந்த நேரத்தில் அவர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார் என்பதும் மறுநாள்தான் தெரியவந்தது. பெரிய ரகளையாகிவிட்டது. இரண்டு கல்லூரிகள் இனிமேல் வரமாட்டோம் என்று கிளம்பின.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார்: பந்தயத்தில் இறங்கும் பெண்ணின் உறவினர் எவரும் அது குறித்த விசாரணையில் நடுவராகவோ சாட்சியாகவோ இருக்கக் கூடாது.

அவருடைய கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "மாமியாருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துடு. மருமகளுக்குச் சாதகமா எந்த மாமியாரும் பொய் சொல்லமாட்டா" என்றார்.

"விளையாடாதீங்க. நல்லா இருக்கா இல்லையா?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு ஓட்டை இல்லை."

எல்லாக் கல்லூரிகளும் அந்த விதியைக் கைதட்டி ஏற்றுக்கொண்டன. கோபித்துக்கொண்டு போன இரண்டும் திரும்பி வந்தன. டீச்சருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு அம்மாவின் வயிறு இல்லை. விடுமுறை நாள்களில் கல்லூரிக்குக் கூடவே வந்து, மோட்டார்காரரைச் சுற்றிச் சுற்றி வந்து, படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். தாயைப் பயமுறுத்திய தண்ணீர் மகளை மடியில் வைத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் இந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாள். கல்லூரிக்குள் அம்மாவை "மேடம்" என்று கூப்பிடுவாள். வீட்டில் இருவரும் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நாளைக்குக் காற்று எப்படி என்று மகள் வாய்தவறிக் கேட்டால்கூட, "பேப்பரைப் பார்" என்பார் டீச்சர். அது எந்தத் தாளிலும் எழுதாத விதி.

மூன்றாம் ஆண்டில் மகள் அணித்தலைவி ஆனாள். இத்தனை வருஷம் விருந்து வைத்த கல்லூரி ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. "வந்தவங்களுக்குப் பரிமாறிட்டு நாம கையை நக்கிட்டுப் போறோம்" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அந்த வருஷம்தான், கிடைக்கலாம் என்று எல்லாருக்கும் ஒரு நப்பாசை வந்தது.

ஏற்பாடுகள் வழக்கம்போல டீச்சரின் தூக்கத்தைத் தின்றன. வெளியூர்ப் பெண்களை நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் மெத்தை போட்டுப் படுக்க வைக்க வேண்டும். குளியலறையில் முகக்கண்ணாடி ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னால் காலையில் நடக்கும் யுத்தத்துக்கு எந்த விதியும் எடுபடாது. கண்ணாடி போட்ட பெண்களுக்கு, அது தண்ணீரில் விழாமல் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டைகளைக் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். காவல் படகு ஒன்றுக்கு இரண்டாக வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுதான் கிடைத்தது.

கடைசி நாள், கடைசிச் சுற்று. மேட்டுத்தெருவில் இருப்பதால் எல்லாரும் மேட்டுக் கல்லூரி என்று சொல்லும் கல்லூரியும், விசில் டீச்சரின் கல்லூரியும் ஏறக்குறைய சமமாக நின்றன. இந்தச் சுற்றில் இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

நடுவர் படகில் டீச்சரும் கணக்கு டீச்சரும் மட்டும். கணக்கு டீச்சர் நேரம் பார்ப்பவர். நிறுத்துகடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். டீச்சர் விசில் ஊதினார். எட்டுப் படகும் கோட்டைத் தாண்டி, தூரத்து மிதவையை நோக்கிச் சாய்ந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள்: ஒருத்தி பின்னால் சுக்கானைப் பிடிக்க, ஒருத்தி முன்னால் பாயைப் பார்த்துக்கொள்வாள். மகள் சுக்கானில் இருந்தாள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது மேட்டுக் கல்லூரிப் படகும் மகளின் படகும் மற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தன. மேட்டுக் கல்லூரி ஒரு படகு நீளம் முன்னால்.

குன்றுகளின் இடைவெளியிலிருந்து திடீரென்று ஒரு காற்று அறைந்தது. தொலைநோக்கியில் டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அழுமூஞ்சி கவிழ்ந்தது. அது வேறொரு கல்லூரியின் கையில் வெகு பின்னால், கரைக்கு அருகில் இருந்தது. காவல் படகு அங்கே ஓடியது. அதே மூச்சில் மேட்டுக் கல்லூரிப் படகும் கவிழ்ந்தது. ஒரு பெண் படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தொங்கினாள். சுக்கான் பிடித்திருந்தவளைக் காணவில்லை.

பாய் தண்ணீர்மேல் போர்வை மாதிரி விரிந்து கிடந்தது. அதன் அடியில் ஏதோ முட்டியது. முட்டிய இடம் மேடாகி, அடங்கி, இன்னொரு இடத்தில் மேடானது. பாயின் கயிற்றில் கால் சிக்கிவிட்டது என்று டீச்சருக்குப் புரிந்தது.

விசிலை ஊதினார். மீண்டும் மீண்டும் ஊதினார். எதிர்க்காற்றில் அது காவல் படகை எட்டவில்லை. கொடியை ஆட்டினார். மோட்டார்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு அழுமூஞ்சிப் பெண்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். நங்கூரத்தை எடுத்துவிட்டுத் துடுப்புப் போட்டாலும் இந்தப் பழைய படகு அங்கே போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குதிக்கலாமென்றால் நீச்சல் தெரியாது. டீச்சர் தன்னை அறியாமல் ஒரு காலை விளிம்பில் வைத்துவிட்டார். கணக்கு டீச்சர் அவர் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "உங்களையும் சேர்த்து யார் தூக்கறது?" என்று கத்தினார்.

மகளின் படகு முன்னால் போய்விட்டிருந்தது. எதிரே ஆள் இல்லாத தண்ணீர். கோடு தெரிகிற தூரம். டீச்சர் அவளைப் பார்த்தார். மகள் திரும்பிப் பார்ப்பதையும் பார்த்தார். அடுத்த கணம் பாய் மறுபக்கம் சரிந்தது. படகு அரைவட்டம் அடித்துத் திரும்பியது. சுக்கானைத் தோழியிடம் கொடுத்துவிட்டு மகள் குப்புறப் படுத்து, இடுப்புவரை தண்ணீருக்குள் தொங்கினாள். பாயைக் கையால் ஒதுக்கி, ஒரு தோளைப் பிடித்தாள். நழுவியது. மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை ஒரு தலை வெளியே வந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது.

டீச்சர் தொலைநோக்கியை இறக்கினார்.

காவல் படகு வந்து சேர்ந்தபோது, மேட்டுக் கல்லூரிப் பெண் கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள். மோட்டார்காரர் பார்த்தது அவ்வளவுதான். மேட்டுக் கல்லூரிப் பெண்கள் இருவருமாகப் படகை நிமிர்த்தி, ஏறி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மகளின் படகு தடுமாறிக் காற்றைப் பிடிப்பதற்குள் மற்றவர்கள் கடந்துவிட்டார்கள். அது மட்டுமல்ல, கோட்டுக்குப் பக்கத்தில் தோழியின் கையிலிருந்து பாய்க் கயிறு நழுவியதில், பின்னால் வந்த மேட்டுக் கல்லூரிப் படகும் அவர்களை மயிரிழையில் முந்திக்கொண்டு போனது. விசிலை ஊதி அதை ஒப்புக்கொள்ள வேண்டியவரும் டீச்சர்தான். ஊதினார்.

மகள் பத்தாம் விதியைச் சொல்லி முறையிட்டாள். தொல்லை ஒன்றுமில்லை, இதற்காகத்தானே எழுதி வைத்தது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

விசாரணை வேதியியல் கூடத்தில் நடந்தது. ரசாயன வாடை அடிக்கும் நீளமான மேஜைக்குப் பின்னால் மூவர் குழு. தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். தாடி வாத்தியார் என்பார்கள். நல்ல மனிதர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். டீச்சர் உள்ளே போய் மரியாதையாக நின்றார்.

"சார், நான் தொலைநோக்கியில முழுசும் பாத்தேன். அந்தப் பொண்ணு பாய்க்கு அடியில..."

தாடி வாத்தியார் இரண்டு கையையும் தூக்கினார். "அம்மா, தயவுசெய்து சொல்லாதீங்க. நான் கேட்டுட்டேன்னு ஆயிடும்."

"சார்?"

"பதினோராம் விதி. முறையிட்டது உங்க பொண்ணு." அவருக்கே சங்கடமாக இருந்தது. தாடியைத் தடவிக்கொண்டார். "நீங்க எழுதினதுதாம்மா. நானே நாலு இடத்துல அதை மெச்சிப் பேசியிருக்கேன்."

"என்னைத் தவிர வேற யாரும் பாக்கலை சார்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

டீச்சர் வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. ஊமை கண்ட கனவு என்பார்கள். இங்கே ஊமைக்கு வாயும் இருந்தது, அதைத் திறக்கத்தான் வழியில்லை.

நடைகூடத்தில் கணக்கு டீச்சர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "நானும் படகுலதானே இருந்தேன்? நான் போய்ப் பாத்தேன்னு சொல்லிடறேன். நீங்க பாத்ததை என்கிட்ட சொல்லுங்க, அப்படியே ஒப்பிச்சுடறேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தேன். ஆனா உண்மைதானே அது? உண்மையை யார் வாயால சொன்னா என்ன?"

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டதாகப் பின்னாளில் யாரிடமும் அவர் பெருமையடித்ததில்லை. சரி என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கேன்டீனில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பயிற்சியாளரும் தன் தங்கைக்காக இப்படித்தானே மனதுக்குள் பேசியிருப்பார் என்று தோன்றியது.

"வேணாம் டீச்சர்" என்றார் கடைசியில். "உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்டா நீங்க திணறுவீங்க. அப்புறம் என் பொண்ணுதான் சொல்லிக் கொடுத்தான்னு ஆயிடும்."

உள்ளே மகளும் தோழியும் நடந்ததைச் சொன்னார்கள். படகின் முதுகில் தொங்கிய மேட்டுக் கல்லூரிப் பெண், தான் மறுபக்கம் இருந்ததால் எதுவும் தெரியாது என்றாள். பின்னால் வந்த படகுகளில் இருந்தவர்கள், அந்தக் காற்றில் தங்கள் பாயோடு மல்லுக்கட்டியதில் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மோட்டார்காரர், "நான் போறப்ப அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், பொய் இல்லை. கடைசியாக, காப்பாற்றப்பட்டவளையே கூப்பிட்டார்கள்.

டீச்சர் கதவுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் நின்றிருந்தார். கதவின் மேல்பாதி கண்ணாடி. ஆனால் மங்கல் கண்ணாடி. உருவங்கள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. குரல் கேட்டது.

"ஆபத்துல இருந்தியாம்மா?" என்றார் தாடி வாத்தியார்.

மங்கலாக ஒரு தலை கதவுப் பக்கம் திரும்பியது. "இல்லை சார்."

"பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டதா இவங்க சொல்றாங்களே?"

"கொஞ்ச நேரம்தான் சார். நானே வெளிய வந்திருப்பேன்."

டீச்சர் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார், இந்தத் தடவை உள்ளங்கையால். குழுவில் ஒருவர் வந்து ஒரு கை அகலத்துக்குக் கதவைத் திறந்து, "மேடம், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடினார்.

ஆபத்து நிரூபிக்கப்படவில்லை, எனவே முறையீடு தள்ளுபடி. தாடி வாத்தியார் தீர்ப்பைப் படித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

பரிசளிப்புக்கு முன்னால் முகம் கழுவ டீச்சர் பின்புறக் குழாயடிக்குப் போனார். மேட்டுக் கல்லூரிப் பெண் அங்கே நின்றிருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் கையை நீட்டவில்லை. கணுக்காலில் கயிறு அறுத்த கோடு சிவப்பாகத் தெரிந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மேடம், எங்கப்பா வந்திருக்கார். கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தார். மாட்டிக்கிட்டேன்னு அவர் காதுல விழுந்தா இனிமே என்னைத் தண்ணிப்பக்கமே விடமாட்டார். படிப்பைக்கூட நிறுத்திடுவார். இந்த வருஷமே கெஞ்சிக் கூத்தாடித்தான் வந்தேன்."

டீச்சருக்கு வேதியியல் கூடத்து வாசலில் வெள்ளைச் சட்டையில் நின்றவரின் ஞாபகம் வந்தது. இவர் யாரோ என்று நினைத்து, நகரச் சொல்லித் தள்ளிக்கொண்டுதானே கதவைத் தட்டினோம் என்று நினைத்துக்கொண்டார்.

"அந்த அக்கா என்னைப் பிடிச்சப்ப அவங்க நகம் பட்டது இன்னும் எரியுது மேடம்" என்று தோளைத் தொட்டுக் காட்டினாள். "நான் சாமி சத்தியமா அவங்களுக்குத் துரோகம் பண்ணணும்னு..."

"சரி, சரி. மூஞ்சியைக் கழுவு. கூப்பிடுவாங்க."

அவளைப் பார்த்ததும் திட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பெண்ணின் உதடு இன்னும் நீலம் போகாமல் இருந்தது. தாடி வாத்தியாரிடம் ஓடிப்போய் இதைச் சொல்லலாமா என்ற எண்ணம் வந்தது. யார் சொன்னதாகச் சொல்வது? தானே சொல்ல முடியாது. இவளைச் சொல்லச் சொன்னால் இவள் வீட்டில் கதவு சாத்தப்படும். டீச்சர் தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிட்டார். அதற்கு மட்டும் தடை சொல்ல எந்த விதியும் இருக்கவில்லை.

ஒலிபெருக்கியில் முடிவை அறிவிப்பது போட்டியை நடத்துகிறவரின் வேலை. டீச்சர் மேடையேறி மேட்டுக் கல்லூரியின் பெயரைப் படித்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று கணக்கு டீச்சர் சொன்னார். கூட்டத்தின் நடுவில் மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

வீட்டில் அன்று இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணவர்தான் பொறுக்கமாட்டாமல், "கண்ணால பாத்தது செல்லாதுன்னா நான் கடையை மூடிட்டு வேற தொழில் பாக்கணும்" என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்குச் சிரிக்கும் மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளிடம் குழாயடியில் கேட்டதைச் சொன்னார், அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றி, தோளில் பட்ட நகத்தைப் பற்றி.

"தெரியும்மா" என்றாள் மகள். "அவ பதில் சொல்றப்ப என்னைப் பாக்கலை. கதவைப் பாத்துத்தான் சொன்னா."

"உனக்குக் கோவம் வரலையா?"

"அவ மேல இல்லை." மகள் தண்ணீர் குடித்தாள். "நீ கதவைத் தட்டினது கேட்டுச்சு. ரெண்டாவது தடவை நல்லாவே கேட்டுச்சு. எட்டி உதைச்சுட்டு உள்ள வருவேன்னு நினைச்சேன்."

"வந்திருந்தா மட்டும் ஏத்துப்பாங்களா?"

"மாட்டாங்க. ஆனா வந்திருக்கலாம்."

டீச்சர் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்தடுத்த நாள்களிலும் மகள் சொன்னது அவரை விடவில்லை. பெண்களுக்கு எடைத் தராசு மாதிரி ஒரே மாதிரி நியாயம் வேண்டும் என்றுதான் எழுதினோம். அந்தத் தராசில் தன் பெண்ணே போய் உட்காருவாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்போமா? அப்படி எழுதியிருந்தால் அது நியாயமா? துணி மடிக்கும்போதும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போதும் இது சுற்றிச் சுற்றி வந்தது. மகள் பட்டம் வாங்கிக்கொண்டு, வேறு ஊரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே பக்கத்தில் ஒரு குளம்கூட இல்லை.

அடுத்த போட்டிக்கான கூட்டம் கூடியபோது டீச்சர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உறவினர் நடுவராக இருக்க வேண்டாம். ஆனால் பார்த்ததைச் சொல்லட்டும், எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் குழுவின் விருப்பம். பேசி முடித்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரு கல்லூரியின் பிரதிநிதி, "மேடம், தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் நடந்ததுக்காகத்தானே இதைக் கொண்டு வர்றீங்க?" என்றார்.

"ஆமா" என்றார் டீச்சர். "அதுக்காகத்தான்."

"அதனாலதான் மேடம் யோசனையா இருக்கு. உங்க நல்ல விதியை உங்க பொண்ணுக்காக நீங்களே மாத்தினா, வெளிய நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அவள்தான் படித்து முடித்துப் போய்விட்டாளே என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது ஒரே ஒரு கைதான் மேலே போனது, அதுவும் அவருடையது. கூட்டத்தை நடத்துகிறவருக்கு ஓட்டு இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் மெல்ல நினைவுபடுத்தினார். டீச்சர் கையை இறக்கிக்கொண்டு அடுத்த பொருளை எடுத்தார். இரண்டாவது காவல் படகு. அதுவும் இந்த வருஷம் முடியாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். டீச்சர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார், தன் கையையே எண்ணவில்லை என்பது உட்பட.

"விடும்மா. எனக்காக இனிமே எதுவும் கேட்காதே."

"உனக்காக இல்லைடி."

"சரி, யாருக்காகவோ. விடு. சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"இனிமேதான்." பிறகு தயங்கி, "அவ பேர் இருக்கா இந்த வருஷ அணியில?" என்று கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று டீச்சருக்குப் புரிந்தது. மேட்டுக் கல்லூரியிலிருந்து அணிப் பெயர்கள் அன்று காலைதான் வந்திருந்தன. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. கடைசி ஆண்டுப் படிப்புச் சுமையாகவும் இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். கேட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

"இல்லை" என்றார் டீச்சர்.

போனைக் காதில் வைத்தபடியே அந்தப் பட்டியலை எடுத்து, மறுபடியும் மேலிருந்து ஒவ்வொரு பெயராக மகளுக்குப் படித்துக்காட்டினார்.